கையில் ஒட்டாத தண்ணீர்

கார் சாவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பிடுங்குவதற்காக முக்கால் கிலோமீட்டர் ஓடியவன் நான். திருவொற்றியூரில் நாற்பது வருஷமாக பிரேக், கிளச் வேலை பார்க்கிறேன். என் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் டீக்கடைக்கு வாருங்கள், வேண்டிய மட்டும் அளக்கிறேன். இங்கே எழுதுவது நான் கோட்டை விட்ட ஒரு காலையைப் பற்றி.

1. டிக்காஷன் நிறம்

பனியும் லாரிப் புகையும் கலந்து தெருவில் நின்ற காலை அது. எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. ஸ்டெல்லா டீச்சர் தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ரிட்டையரான கணக்கு டீச்சர். பின்சீட்டில் அவர் கணவர் சேவியர் அண்ணன், தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாரத்துக்கு இரண்டு நாள் ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். அன்றைக்குப் பதினோரு மணிக்குப் போயாக வேண்டும். ஒருமுறை தவறி, அவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்ததிலிருந்து டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் பேசுவார்.

"பாய், கிளச்ச அமுக்குனா உள்ளயே போயி குந்திக்குது. கால வுட்டு நோண்டி எடுக்க வேண்டியதா கீது," என்றார்.

நாலு நாளைக்கு முன்னால் இதே ரோட்டில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டபோது பெடல் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். முன்னால் நின்ற டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்து, ஒரு தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த எதையோ ஊற்றி அனுப்பியிருக்கிறார். அந்த வரிசையில் இது சகஜம். துறைமுக கேட்டுக்குள் போக மணிக்கணக்கில் ஆகும். அதுவரை ஸ்பானர், குழம்பு, பீடி, ஆயில் எல்லாம் வண்டிக்கு வண்டி கை மாறிக்கொண்டே இருக்கும்.

என்ன ஊற்றினார் என்று நான் கேட்கவில்லை.

பானெட்டைத் திறந்தேன். அந்தக் காரில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் சேர்த்து ஒரே ஃப்ளூயிட் டப்பா. மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊதிப்போய், திரும்ப உட்கார மறுத்தது. உள்ளே இருந்தது டிக்காஷன் நிறம். நாள்பட்ட பிரேக் ஃப்ளூயிட் கறுக்கத்தான் செய்யும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். டீச்சரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, கீழே நிப்பிளைத் திறந்து லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி, புது பிரேக் ஃப்ளூயிட் ஊற்றினேன். ஊதின ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். பெடல் எழுந்து வந்தது.

"நம்பி எடுத்துக்கினு போலாமா பாய்?"

"தாராளமா போங்க டீச்சர்."

2. பக்கெட்

பிரேக் ஃப்ளூயிட் தண்ணீரோடு சேருகிற சாமான். கையில் பட்டால் சோப்பே வேண்டாம், ஒரு சொம்பு தண்ணீரில் போய்விடும். கார் போனபிறகு பக்கெட்டில் கையை விட்டேன். தண்ணீர் ஒட்டவில்லை. சேப்ப இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாக இருந்தது, பொய் சொல்வானேன். ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் கடை வாசல் தலைகீழாக, குட்டியாகத் தெரிந்தது. விரலை அசைத்தால் வாசலும் அசைந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அப்புறம்தான் உறைத்தது. இது ஆயில். பிரேக் ரப்பர்களுக்கு ஆயில் ஆகாது, ஊதிவிடும். கிளச் பெடல் உள்ளேயே உட்கார்ந்தது அதனால்தான். ஒரே டப்பா என்பதால் பிரேக்கிலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது.

போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது டீச்சர் போனைத் தொடமாட்டார். என் ஸ்கூட்டரை மச்சான் எடுத்துப் போயிருந்தான். ஓடினேன்.

ரோட்டில் டிரெய்லர் வரிசை அசையாமல் நின்றது. தினமும் நாங்கள் திட்டித் தீர்க்கும் வரிசை. அன்று மட்டும் அது நகரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். இன்ஜின்களை அணைத்திருந்ததால் கடல் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கன்டெய்னர் வரும், போகும். அப்புறம் ஒரு நீலம், ஒரு துருப்பிடித்த பச்சை. வண்டிக்கு அடியில் தூளி கட்டி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஸ்டவ்வில் வெங்காயம் வதக்கினார். யாரும் என்னை ஏன் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை. இந்த வரிசைக்கு முடிவே இல்லை, நான் ஓடிக்கொண்டேதான் இருக்கப்போகிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. பயம்கூட எங்கோ தூரத்தில் இருந்தது.

கார் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் நின்றது. முன்சக்கரத்தில் கையை வைத்தவன் சட்டென்று எடுத்துவிட்டேன். தோசைக்கல் சூடு.

"இன்னாத்துக்கு பாய் இப்டி ஓடியார?" டீச்சர் கண்ணாடியை இறக்கினார். "வண்டியும் கொஞ்ச நேரமா இழுக்கவே மாட்டேங்குது."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தபிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது பிடிக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில், வரிசையைத் தாண்டி வேகம் எடுக்கும்போது, பிடிக்காமலும் போகலாம்.

3. கண்ணாடி டம்ளர்

டிரெய்லர்க்காரர்கள் இரண்டு பேர் கைகொடுக்க, முக்கித் தள்ளி ஓரங்கட்டினோம். டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, டப்பாவிலிருந்து நாலு சொட்டு எடுத்து விட்டேன். நான் ஊற்றிய புது ஃப்ளூயிட் புகை மாதிரி சுருண்டு இறங்கித் தண்ணீரில் கரைந்தது. மற்றது மேலேயே வட்டமாக நின்றது, ஓரத்தில் வானவில் நிறத்தோடு. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும். அதை நான் காலையிலேயே கடையில் செய்திருக்க வேண்டும்.

சேவியர் அண்ணன் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார்.

"நம்ம கிரேன் ஆயிலு வாசன. கடைலயே வந்துச்சி. உன் கைலேந்து வருதுன்னு நெனச்சிக்கினேன்."

முப்பது வருஷம் அந்த வாசனையில் வேலை செய்தவர். கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "அந்த டிரைவரு தப்பா ஊத்திட்டாரா பாய்?"

அந்த ஆள் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். வாய் வரை வந்தது, மறைப்பானேன்.

"அவரு ஆபத்துக்கு கைல இருந்தத குடுத்தாரு டீச்சர். கடைல உக்காந்துக்கினு பாக்காம உட்டது நானு. தப்பு எம்மேல."

ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். சந்து சந்தாகப் புகுந்து நேரத்துக்குப் போய்விட்டார்கள். நான் காரோடு உட்கார்ந்திருந்தேன்.

4. முதல் சுற்று

மாஸ்டர் சிலிண்டர், கிளச் சிலிண்டர், நாலு சக்கரம், ஹோஸ் என்று ஆயில் பட்ட ரப்பர் அத்தனையையும் மாற்றினேன். லைன் முழுக்க ஸ்பிரிட் விட்டுக் கழுவினேன். கழற்றிய ஒரு ரப்பர் கப்பைப் புது கப்புக்குப் பக்கத்தில் வைத்தால், பெரிசும் சின்னதுமாக அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. நாலாம் நாள் டீச்சரும் அண்ணனும் வந்தார்கள். மறுபடியும் ஆஸ்பத்திரி நாள்.

சாவியை நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை. கணவரைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டு, தானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"நீ ஓட்டு பாய். ஆஸ்பத்திரி வரிக்கும்."

ஆயிரக்கணக்கான பிரேக்குகள் பார்த்தவன் நான். வேலை முடித்த வண்டியைத் தெருமுனை வரை தனியாக ஓட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். பின்னால் இரண்டு உயிரை வைத்துக்கொண்டு, நான் செய்த பிரேக்கை நானே நம்பி மிதித்தது அன்றுதான் முதல் தடவை. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் ரொம்ப முன்னாலேயே ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொண்டேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. சேவியர் அண்ணன் வழி முழுக்கத் தூங்கினார். டீச்சர் தூங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம், இரண்டு சீட்டுக்கும் நடுவே எட்டி, என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் பிரேக் வேலை முடிந்தால், வண்டிக்காரரை, முடிந்தால் அவர் வீட்டு ஆட்களையும், உள்ளே உட்காரவைத்து நானே ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் சாவி கொடுக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பின்சீட்டில் ஆள் இருந்தால் நாம் பார்க்காமல் விட்டது எதுவோ, அது தானாக ஞாபகத்துக்கு வந்துவிடும்.