மங்களகரமான எழுத்து

எங்கள் அச்சகத்தில் அதற்குப் பெயர் பத்திரிகை எழுத்து. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரைப் போடுவோமே, அதுதான். ஒவ்வோர் எழுத்தின் முனையிலும் ஒரு சுருள், அடியில் சின்னதாக ஒரு பாதம். தடித்த கோடு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மெல்லிய கோடு தலைமுடி அளவுதான். காதுகுத்து, புதுமனை புகுவிழா, இருக்கன்குடி ஆடித் திருவிழா பேனர், சங்குசக்கரப் பெட்டி, எல்லாவற்றுக்கும் அதுவே. பெரிதாகப் போட்டால் மகாராணி. சிறிதாக்கி, சிவப்பு நடுவே வெள்ளையாக விட்டால் மெல்லிய கோட்டையெல்லாம் மை தின்றுவிடும். பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிறவனுக்கு இது தெரியாதா?

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

போன தீபாவளி சீசனுக்கு முன்னால் ஒரு பட்டாசு முதலாளி வந்தார். வெடிமருந்து அறைகளின் கதவில் மாட்ட போர்டு வேண்டுமாம். ‘இந்த அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது’ என்று தொடங்கி ஆறு வரி. அலங்காரம் ஏதும் இல்லாமல் கொட்டை எழுத்தில் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

“என்ன தம்பி, துட்டி போஸ்டர் கணக்கா இருக்கு? பூசை போட்டு மாட்டப் போறோம். மங்களகரமாப் போடுங்க.”

எங்கள் ஊரில் இது ஒரு கிறுக்கு. செத்தவருக்கு மட்டும்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுத்து. உயிரோடு இருப்பவர்களுக்குச் சுருள்.

“அண்ணாச்சி, இந்த அளவுல படிக்க முடியாது” என்றேன்.

“ஆபீசர் வந்தா போர்டு இருக்கான்னுதான் பாப்பாரு. படிச்சா பாக்கப் போறாரு?”

நானும் சிவப்பு நடுவே வெள்ளையாக, பத்திரிகை எழுத்துக்கே மாற்றினேன். நாலு பக்கமும் மாவிலைத் தோரணம் வேறு.

அந்தக் கம்பெனியில்தான் என் அக்கா வேலை பார்க்கிறாள், மருந்து அறையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவளிடம் போர்டைப் பற்றிக் கேட்டேன்.

“அம்புட்டு அழகா இருக்குலே. சந்தனம் குங்குமம் வச்சு, பூப் போட்டிருக்கோம்.”

“என்ன எழுதியிருக்கு?”

“சாமி பாட்டா இருக்கும். யாரு படிச்சா?”

“உள்ள எத்தன பேரு இருக்கீக?”

“சீசன்லா? ஏழு பேரு.”

மறுநாள் சாயங்காலம் அதே வரிகளைக் கொட்டை எழுத்தில் அடித்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். பஸ் போர்டு படிப்பாள். முதல் வரியை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். நான் முதலாளியையும் ஆபீசரையும் இந்த ஊரின் மங்களத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அந்தப் போர்டு யாரு செஞ்சது?”

“நாந்தான்.”

“படிக்க முடியாதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நாளைக்கும் நான் அங்கனதாம்லே உக்காரணும்” என்றாள்.