குளத்தூர் பஸ் மலை ஏறின கதை

அருணாசலம் சார் இறந்துட்டாங்க. நேத்து காலையில... நெஞ்சு வலின்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே...

இது அப்பாவோட ஃபேஸ்புக் ஐடி. எழுதுறது அவரோட பொண்ணு, ப்ளஸ் டூ. அப்பாவின் நண்பர்கள் மன்னிக்கணும், வழக்கமா வர்ற ரோஜாப்பூ குட்மார்னிங் இன்னைக்கு வராது.

சார் எங்களுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தாங்க. மணியாச்சியிலிருந்து தினமும் ரயிலில் கோவில்பட்டிக்கு வருவாங்க. பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக வேலை.

பத்தாம் வகுப்பில் கிராப்னா எட்டு மார்க். ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவுன்னு ஓரத்தில் ஸ்கேல் எழுதி, புள்ளி வச்சு, கோடு இழுத்து... கைடில் இருக்கிறதை அப்படியே மனப்பாடம் பண்ணினால் போதும். நான் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். பென்சிலை மட்டும் நாலு தடவை சீவுவேன்.

சார் முதல் நாளே போர்டில் ஒரு கிராப்பை அவங்களே போட்டுட்டாங்க. "இது கோவில்பட்டியில இருந்து குளத்தூர் போற பஸ். கீழ நேரம், பக்கத்துல தூரம். என்ன நடக்குன்னு சொல்லுங்க."

கோடு ஏறுச்சு. கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துச்சு. திரும்ப ஏறுச்சு, சட்டுனு கொஞ்சம் இறங்குச்சு, மறுபடி ஏறுச்சு.

நான்தான் முதலில் எழுந்தேன். ஃபர்ஸ்ட் ரேங்க் இல்லையா. "பஸ் மலை ஏறுது சார். அப்புறம் சமதரையில போகுது. அப்புறம் இன்னொரு மலை ஏறி இறங்குது." வகுப்பே தலையாட்டுச்சு.

சார் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாங்க. "ஏட்டி, கோவில்பட்டிக்கும் குளத்தூருக்கும் நடுவுல மலை எங்கன இருக்கு? பூரா கரிசக்காடு. ஒரு மேடு காட்டு, நானே ஏறிட்டு வாரேன்."

கடைசி பெஞ்சில் மகேஸ்வரி கை தூக்கினா. குளத்தூர்ப் பிள்ளை, ஹாஸ்டலில் இருந்தா. வாராவாரம் அந்த பஸ்ஸில்தான் ஊருக்குப் போவா. கணக்கில் நாற்பதைத் தாண்டினதே இல்லை.

"சார், படுத்துக் கிடக்குல்லா, அது விளாத்திகுளம் ஸ்டாண்டு. டிரைவர் டீ குடிக்காரு. நேரம் போகுது, பஸ் போகல."

"அப்ப இந்த இறக்கம்?"

"பஸ் திரும்பி வருது சார். கண்டக்டரை ஸ்டாண்டுலயே விட்டுட்டுப் போயிருப்பாவ. போன மாசம் அப்படித்தான்."

சார் சாக்பீஸை அவ கையில் கொடுத்துட்டு, அவ இடத்தில் போய் உட்கார்ந்துட்டாங்க.

ரெண்டு நாள் நான் மகேஸ்வரிகூடப் பேசல. மூணாவது நாள் வீட்டில் பால் காய்றதுக்குக் கிராப் போட்டேன். பால் பொங்கின இடத்தில் அம்மா வந்துட்டாங்க. கிராப் அதோட முடியுது.

அரையாண்டு முடிஞ்சதும் ஹெச்.எம். ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டார். எங்க வகுப்போட கணக்கு சராசரி இறங்கியிருச்சு, பப்ளிக்குக்கு வேற ஆளைப் போடலாமான்னு முடிவு பண்ண. அன்னைக்கு சாரோட வேலை இருக்கும், இல்லன்னா போகும்.

எனக்கு வரவேற்புரை. அதை முடிச்சுட்டு மைக்கோட ஓரமா நின்னேன்.

ஹெச்.எம். கம்ப்யூட்டரில் போட்ட கிராப்பை ஸ்கிரீனில் காட்டினார். கோடு சுவரின் உச்சியில் ஆரம்பிச்சு நேரா தரைகிட்ட வந்துச்சு.

எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, அவர் பொண்ணும் எங்க வகுப்புதான், எழுந்தே நின்னுட்டார். "என்னய்யா இது, கிணத்துக்குள்ள விழுந்த மாதிரில்லா விழுது! வேற சாரைப் போட்ருங்க."

சார் கதவுப் பக்கம் நின்னாங்க.

மைக் என் கையில்தான் இருந்துச்சு. "பக்கத்துல உள்ள நம்பரைப் பாருங்க..." என் குரல் எனக்கே யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு.

"உனக்கு வரவேற்புரை மட்டுந்தாம்மா" அப்படின்னார் ஹெச்.எம்.

பெஞ்சு தூக்கிப் போட வந்த மகேஸ்வரி ஸ்கிரீன்கிட்டயே போயிட்டா. "அண்ணாச்சி, அடியில சைபர் இல்ல, அறுபதுன்னு போட்டிருக்கு. காலாண்டுல அறுபத்தி நாலு, இப்ப அறுபத்தி ஒண்ணு. அம்புட்டுத்தான்."

"மூணு மார்க்கா? மூணு மார்க்குக்கா இம்புட்டுப் பெரிய பள்ளம்?"

ஹெச்.எம். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அதுவாப் போட்டது..."

அப்பதான் சார் முதல் தடவையா வாயைத் திறந்தாங்க. "ஆனா குறைஞ்சது குறைஞ்சதுதான். கோடு இறங்கத்தான் செய்யுது."

"சார், நீங்க சும்மா இருங்க சார்!" நானும் மகேஸ்வரியும் ஒரே நேரத்தில். மைக்கில்.

ஹால் பூரா சிரிச்சுச்சு. அண்ணாச்சி உட்கார்ந்துட்டார். "தன் தலையில தானே மண்ணள்ளிப் போடுத வாத்தியாரை இப்பத்தான் பாக்கேன். இவியளே இருக்கட்டும்."

பப்ளிக் வரைக்கும் சார்தான். மகேஸ்வரி நல்லா எழுதிட்டு வந்தா. நான் கிராப்பில் ஸ்கேல் எழுத மறந்துட்டு வந்தேன். ஸ்கேல்! சார்கிட்ட இதைச் சொன்னதே இல்லை...

இன்னைக்குக் காலை ரயிலில் நானும் மகேஸ்வரியும் மணியாச்சி போனோம். சாரோட வீட்டம்மா எங்களைப் பார்த்ததும், "மைக்குல கத்துன பிள்ளைக நீங்கதானா?"ன்னு கேட்டாங்க.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'பிள்ளைக நம்பரைப் பாத்துட்டாளுவ, நம்பரைப் பாத்துட்டாளுவ'ன்னு அதையே சொல்லிட்டு இருந்தாவ. வேலை இருக்கா போச்சான்னு வாயே திறக்கல. மறுநா காலையில நான்தான் கேட்டேன்."

போயிட்டு வாங்க சார்.