ஆறு மணிக்குத் தூங்கும் மீன்

குழம்புக்கு அல்லாமல் வளர்ப்பதற்கென்று எங்கள் வீட்டுக்கு வந்த மீன் ஒன்றே ஒன்றுதான். கொண்டுவந்தவள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கையான அவள் அப்போது திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். கடலோரத்து மண்டபம் என்ற ஊரிலிருந்து கடல்தண்ணீரோடு ரயிலில் வந்த அந்த மீனை, தசரா விடுமுறைக்கு அவளுடைய ஆசிரியை அவளை நம்பிக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை உயிரோடு காப்பாற்றி, அது செய்வதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினால், படிப்பு முடிந்ததும் மண்டபத்து மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சிபாரிசு செய்வதாகப் பேச்சு.

பாலக்கரையில் அரிசி மண்டி வைத்திருந்த அப்பாவுக்கு வேறு யோசனை. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

மீன் என் விரல் நீளம்தான். பவளப்பாறைகளுக்கு நடுவில் வாழ்கிற சாதியாம். பச்சை உடம்பில் ரோஜா நிறக் கோடுகள், தடித்த உதடு, அதையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பல். வாலை அதிகம் ஆட்டாமல் பக்கத்துத் துடுப்புகளை வலித்தே நீந்தும். பொழுது சாய்ந்தால் தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்து புதைந்துகொள்ளும். அப்புறம் விடியும்வரை தொட்டியில் வெறும் மணல்தான். முதல் நாள் மீன் செத்துவிட்டதென்று நான் ஊரைக் கூட்டினேன்.

"தூங்குதுடி. கையை விட்டுக் கிளறிடாத, துள்ளி வெளியில விழுந்துடும்" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"பேசி முடிக்கறதுக்குள்ள ராகு காலம் வந்துடும்ணா. ஆறுக்கு மேல வரச் சொல்லுங்களேன்" என்றாள் அத்தை. நாள் நட்சத்திரம் எதையும் சட்டை செய்யாதவள் வாயிலிருந்து இது வந்ததில் அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

வந்தார்கள். கேசரி, பஜ்ஜி ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"மீன் வளக்கிறதா சொன்னாங்களே, எங்கம்மா மீனு?"

"தூங்கப் போயிடுச்சுங்க. காலையில வந்தா பாக்கலாங்க."

அந்த அம்மாள் மணலையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் "பாவம்" என்று மெல்லச் சொன்னார்.

என் அத்தையைப் பைத்தியம் என்று நினைப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கிளறினேன். மீன் துள்ளி நேராக அந்த அம்மாளின் பட்டு மடியில் விழுந்தது. கேசரித் தட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அத்தை பாய்ந்து வந்து மீனை இரு கையாலும் அள்ளித் தண்ணீரில் விட்டாள். அது ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி மணலுக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே ஆள் வந்து, சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆள் வந்துபோன அன்றே, மணலைவிட்டு வெளியே வந்த மீனைப் பார்த்து அத்தை எழுதிக்கொண்டிருந்தபோது போய் அழுதேன்.

"என்னாலதான அத்தை உன் கல்யாணம் நின்னுபோச்சு?"

"அதெல்லாம் இல்லடி கண்ணு" என்று மிச்சமிருந்த கேசரியை எனக்கு ஊட்டிவிட்டாள்.

படிப்பு முடிந்து அவள் மண்டபத்துக்கு ரயிலேறிய அன்றும், என்னால்தான் போகிறாள் என்று அழுதேன். அந்த நோட்டை நான் புரட்டிப் பார்க்காமல் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கடைசி வரி ஒன்றேதான்: மாலை மணி ஆறு, மணலுக்குள் போயிற்று. எழுத்துக்கூட்டி வாசித்த எனக்கு, அத்தைக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராகு காலத்தில் ஏன் நம்பிக்கை வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.