வெள்ளை இழை போன திசை

ஜப்பானில் எங்கள் கிஃபு மலைப்பக்கத்தில் இலையுதிர்காலம் வந்தால் பெரிய மனிதர்களுக்கும் புத்தி பேதலித்துவிடும். கணவாய் மீன் துண்டில் மெல்லிய வெள்ளை இழையைக் கட்டிக் குளவிக்குக் கொடுப்போம். அது தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் பறக்கும். நாங்கள் வானத்தைப் பார்த்தபடி பின்னாலேயே ஓடுவோம். கூட்டைத் தோண்டியெடுத்து, புழுக்களைச் சோற்றோடு சமைத்துச் சாப்பிடுவோம்.

இந்தப் பைத்தியத்தில் எங்கள் தபால்காரர் கனேஹிரோவை மிஞ்ச ஆளில்லை. வயது ஐம்பத்தாறு. தொப்பை குலுங்க ஓடுவார், வாய்க்காலில் விழுவார், விழுந்தும் மேலேயே பார்ப்பார். போன வருடம் ஒரு கொட்டுக்கே உடம்பெல்லாம் தடித்து மயங்கிவிட்டார். ஊரே பயந்தது, அவர் பயப்படவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து அதைத் தின்னு வளந்த உடம்பு டாக்டர். அதோட விஷம் என்னை என்ன பண்ணிடும்?"

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைத் தட்டினார். "தின்னது புழு. கொட்டினது விஷம். அந்த விஷத்துல இருக்கற புரதத்தை உங்க உடம்பு எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. அடுத்த கொட்டு உயிருக்கே ஆபத்தாயிடலாம்." அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ள ஓர் ஊசியையும் கொடுத்தார்.

மனைவி சுமியே தடை போட்டாள். மனுஷர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சரி, ஒரே ஒரு தடவை. ஊசியோட நானும் பின்னாடியே வருவேன்" என்றாள் கடைசியில்.

அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. வெள்ளை இழை நேராக மைதானத்துக்கு மேலே பறந்தது. முன்னால் கனேஹிரோ, பின்னால் ஊசியை உயர்த்திப் பிடித்த சுமியே, கடைசியில் மூச்சிரைக்க நான். பெற்றோருக்கான ஓட்டம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"விடாதீங்கம்மா! பிடிங்க அவரை!"

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. சுமியேகூடச் சிரித்துக்கொண்டுதான் ஓடினாள்.

மைதானத்தைத் தாண்டிய சரிவில், மேலே பார்த்து ஓடியவர் மண்ணுக்குள் இருந்த வேறொரு கூட்டை மிதித்துவிட்டார். கழுத்தில் இரண்டு கொட்டு. நாங்கள் அவரை இழுத்துவந்து படுக்கவைப்பதற்குள் உதடு வீங்கிக் குரல் அடைத்துவிட்டது. சுமியே கால்சட்டைக்கு மேலேயே தொடையில் ஊசியை அழுத்தினாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சில நிமிடங்களில் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்ததும், "வெள்ளை... எந்தப் பக்கம் போச்சு?" என்றார்.

"செத்துப்போகப் பாத்தீங்களே, பாவி மனுஷா!" என்று சுமியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அத்தோடு அவருடைய ஓட்டம் முடிந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் சொல்லப் போனேன். வாசலில் சுமியே ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சரிவுக்குத்தான். நானும் ரத்தத்தைப் பரிசோதிச்சுப் பாத்துட்டேன், எனக்கு அந்த அலர்ஜி இல்லையாம். ஒரு வாரமா தூக்கமே வரல. அந்த வெள்ளை எங்கதான் போய்த் தொலைஞ்சுது?"

தெருவில் நின்ற காருக்குள், கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார் கனேஹிரோ. "மேல பாரு! மேலயே பாரு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"கீழயும் பாத்துதான் ஓடுவேன். நீங்க வாய மூடுங்க!" என்றாள் சுமியே.