சிவப்புத் துணிப் பந்தல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் பெண்களுக்கு ரத்தசோகை பார்க்கும் முகாம். மயிலாப்பூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இருபது வருடமாக ரத்தம் பார்ப்பவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மெஷின் எதுவும் கிடையாது. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் காகிதத் துண்டில் வைக்க வேண்டும். அது ஊறியதும், வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை பல சிவப்புகள் அச்சடித்த அட்டையோடு ஒப்பிட வேண்டும். எந்தச் சிவப்போடு ஒத்துப்போகிறதோ, அதன் பக்கத்தில் போட்டிருக்கும் எண்தான் ஹீமோகுளோபின் அளவு. நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள். இதில் என்ன பெரிய வித்தை என்று நான் பந்தலுக்குள் உட்கார்ந்தபடியே மடமடவெனப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அக்காவோடு வந்தாள். பார்த்தேன், பரவாயில்லை என்றேன். நாலு படி ஏறினாலே தங்கச்சி உட்கார்ந்துவிடுகிறாள் என்றாள் அக்கா. இந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன். அக்கா நகரவில்லை. அவள் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறவள்.

"கோச்சுக்காதீங்க மேடம். பொடவை கலர் பாக்கணும்னாகூட கடை வாசலாண்ட எடுத்துக்கினு போய்தான் பாப்பாங்க. இங்க மேல செகப்புத் துணி கட்டிக்கீது. வெளிய வந்து ஒருக்கா பாருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையை எனக்கே சொல்லித்தருகிறாளே என்ற எரிச்சலோடுதான் எழுந்தேன். தங்கை இன்னொரு விரலை நீட்டினாள். தெருவில், வெயிலில் நின்று மறுபடி பார்த்தேன். அட்டையிலேயே மிக வெளிறிய கட்டத்தோடுதான் அது ஒத்துப்போனது. பந்தலின் சிவப்பு வெளிச்சத்தில் எல்லாச் சிவப்பும் எனக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

உடனே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே சரியாகப் பரிசோதித்து, அன்றே சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். பிரசவ நேரத்தில்தான் தெரிந்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். வராந்தாவில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம், பந்தல் எங்க ஆளுங்க கட்டினது" என்றாள்.

அந்தப் பெருந்தன்மைதான் என்னை அதிகம் வருத்தியது. மத்தியானமே திரும்பிப்போய், காலையில் நான் பரவாயில்லை என்று அனுப்பிய ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, காரணத்தைச் சொல்லி, வாசலில் வைத்து மறுபடி பார்த்தேன். இன்னும் இருவருக்கு ரத்தம் குறைவாக இருந்தது.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். இப்போதும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகும் யாராவது தயங்கி நின்றால், உடம்புக்கு என்ன செய்கிறது என்று உட்காரவைத்துக் கேட்காமல் என்னால் அனுப்ப முடிவதில்லை.