ஒரு கிணறும் நான்கு தோட்டங்களும்

கல்லூரியில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் நான். தூரத்து வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்கள் தடைபட்டால் நம் பேக்கரியில் பாணின் விலை ஏன் ஏறுகிறது என்பதைக் கரும்பலகையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்து விளக்குவேன். பகுதிகளைத் தனித்தனியே பார்ப்பவன் முழுமையைத் தவறவிடுவான் என்பது என் பாடத்தின் சாரம். போரின்போது அரசு யாழ்ப்பாணத்துக்கு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்த முழுமையைக் கோப்பாயில், என் மனைவியின் தம்பியினுடைய வெங்காயத் தோட்டத்தில் கண்டேன்.

அவருக்கு வேறு வருமானம் இல்லை. நீரிறைக்கும் மிஷின் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் அதைத் தொடக்கிவிடச் சில துளி பெற்றோல் வேண்டும். மண்ணெண்ணெய் அரிதாகவேனும் கிடைத்தது. பெற்றோலோ கண்மருந்துப் போத்தலில்தான் கைமாறியது. ஆகவே அவரும் அயலவர் மூவரும் கூடி ஓர் ஏற்பாடு செய்தனர். தொடக்கிய மிஷினை நிறுத்தாமல், அவருடைய கிணற்றிலிருந்தே நான்கு தோட்டங்களுக்கும் தண்ணீர் விடுவது. மண்ணெண்ணெயை மற்ற மூவரும் தருவது. கையால் நீரிறைக்கும் பழைய துலாக்களுக்குத் திரும்பவும் வழியில்லை. அந்த மரங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகியிருந்தன.

எங்கள் மண்ணுக்கடியில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகவே நிற்கிறது. ஒரே கிணற்றை ஓயாமல் இறைத்தால் உவர் மேலே ஏறும். கேளாத இடத்தில் அறிவுரை கூறுவது என் வழக்கமன்று. ஆயினும் தோட்டத்துக்குச் சென்று தடை, பெற்றோல், மிஷின், கிணறு, வெங்காயம் அனைத்தையும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.

அயலவர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், உந்த அம்புக்குறி எல்லாம் என்ரை தலையிலைதான் வந்து குத்துது."

மற்றவர்கள் சிரித்தார்கள். மைத்துனர் சிரிக்கவில்லை.

"விளங்குது அத்தான். இதிலை எந்தக் கோட்டை நான் வெட்டுறது?"

தாளை மீண்டும் பார்த்தேன். தடை அவர் கைக்கு எட்டாதது. மிஷினை நிறுத்தினால் மற்ற மூவரின் பயிர் வாடும். அவர்கள் மண்ணெண்ணெய் தராவிட்டால் அவருடையதும் வாடும். யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சைக்கிளில் திரும்பினேன்.

சில வாரங்களில் வெங்காய இலைகளின் நுனி மஞ்சளாயிற்று. மைத்துனர் ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தினமும் குடிப்பதால் தமக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றார். நான் ஒரு வாய் குடித்து, முகத்தை மாற்றாமல் விழுங்கினேன்.

"உப்புத்தானே?"

"ஓம்."

இனி என்ன செய்யலாம் என்று என் மனைவி என்னைத்தான் கேட்டாள். இறைக்காவிட்டால் பயிர் உடனே காயும். இறைத்தால் மெதுவாகக் கருகும். இரண்டுக்கும் காரணம் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"அப்ப மெதுவாப் போறதைச் செய்வம்," என்று மைத்துனர் எழுந்தார். வெயில் ஏறுமுன் மிஷினைத் தொடக்க வேண்டும் என்றார். அவருடன் வாசற் படலைவரை நடந்தேன்.