சோளத் தொட்டியில் கிடைத்த ஸ்போர்கள்

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் என்னோடு இருந்த பெண் வேறு வேலை கிடைத்துப் போன பிறகு, அந்த அறையில் நான் மட்டும்தான். எங்கள் ஆராய்ச்சி, செடியின் வேரோடு சேர்ந்து வாழும் ஒரு பூஞ்சையைப் பற்றியது. மண்ணிலுள்ள பாஸ்பரஸை அது செடிக்குக் கொண்டுவந்து தரும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அந்தப் பூஞ்சையைப் பெருக்குவதற்காக, கிருமி நீக்கிய மணலில் அது இருக்கும் வயல்மண்ணைக் கொஞ்சம் கலந்து சோளம் வளர்த்தேன். முதலில் வைத்த தொட்டிகளில் ஒன்றும் தேறவில்லை. "இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு போய்விட்டார்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டி மணலைத் தண்ணீரில் கலக்கிச் சல்லடைகளில் வடித்தேன். தங்கியதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தேன் நிறத்தில் உருண்டை உருண்டையாக ஸ்போர்கள், அந்தப் பூஞ்சையின் விதைகள் மாதிரி! வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது, கூப்பிட்டுக் காட்ட அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

தாராவியில் இருந்த அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்குத் தோல் பை தைத்து விற்கும் சிறிய கடை. அம்மா இறந்ததிலிருந்து அவரும் தனிதான்.

"அப்பா, பூஞ்சை வந்துட்டுப்பா!"

"அங்கயுமா?" பதறிவிட்டார். "இங்க பை பூரா பூசணம் பிடிச்சுக் கெடக்கு. காலையிலருந்து தொடச்சிக்கிட்டே இருக்கேன். நீ துணியெல்லாம் எடுத்து ஃபேனுக்கடியில போடுளா."

"இது நல்ல பூஞ்சைப்பா. நான் வளத்தது."



"வளத்தியா?" என்றார். பிறகு, "சரி, சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

சாயங்காலம் பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய், போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"முத்து மாதிரில்லா இருக்கு. இது தோலத் திங்காதே?"

"திங்காதுப்பா. உயிரோட இருக்க வேர் வேணும் அதுக்கு."

"அப்ப சரி." போனைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த பையை எடுத்தார். ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடிப்புகளில் வெள்ளையாகப் படர்ந்திருந்ததை இரண்டு பேரும் துடைத்தோம்.

மழை விட்டதும், "இருட்டுமுன்ன கிளம்புளா" என்றார்.

மறுநாள் கைடு வந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கு. தொட்டி எண்ணிக்கையைக் கூட்டுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனார். நான் புது மணலை வேகவைத்து ஆறவிட்டு, அந்த ஸ்போர்களைக் கலந்து, சோளத்தை ஊன்றினேன். அந்த வாரம் முழுக்க யாரிடமும் அதிகம் பேசியதாக நினைவில்லை.